சென்சார் கத்தினா நிறுத்து

“இனிமே இதைப் பார்த்து நிறுத்துற வேலையெல்லாம் ஆகாது” என்றபடி வீட்டுக்கார அம்மாவின் மாப்பிள்ளை டேஷ்போர்டில் இருந்த சின்னச் சிவப்பு விளக்குகளின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். ஒட்டி முடித்து, விரல்களில் அப்பியிருந்த கரியை டிஷ்யூ பேப்பரில் நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். காரின் முன்பக்கச் சென்சார் எதையாவது நெருங்கினால் இரண்டு வேலை செய்யும். உள்ளே ‘கீங் கீங்’ என்று கத்தும், கூடவே அந்தச் சிவப்பு விளக்குகளும் ஒவ்வொன்றாக எரியும். ஒரு வருடமாக டிரைவரின் பிழைப்பு ஓடியது அந்த விளக்குகளை நம்பித்தான்.

மனிதருக்குக் காது போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகி, இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை. எதிரில் நிற்பவர் வாயை நேராகவும், பின்சீட்டில் இருப்பவர் வாயைக் கண்ணாடியிலும் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வார். இருபத்திரண்டு வருடமாக அதே வீடு, அதே ஆட்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மாப்பிள்ளை குடும்பத்தோடு இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிற ஆசாமி. போன வாரம் அவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆனது. அவருடைய மகள் ஷெட் வாசலில் விட்டிருந்த பொம்மை வண்டியைக் கார் ஏறி நொறுக்கிவிட்டது.

“அது தரையோட தரையா கெடந்துச்சும்மா. அவ்வளவு தாழ்வா இருந்தா சென்சாருக்குத் தெரியாது” என்றார் டிரைவர், வீட்டுக்கார அம்மாவிடம். அது நிஜம்தான்.

“சென்சாருக்குத் தெரியாது, சரி. பக்கத்துல நின்னு என் பொண்ணு தொண்டை கிழியக் கத்தினாளே, அது உனக்குக் கேக்கலையா?” மாப்பிள்ளை விடவில்லை. “அத்தை, இந்தாளுக்குக் காது டமாரம். இன்னைக்கு பொம்மை, நாளைக்கு புள்ளை.”

“கண்ணாடி ஏத்தியிருந்தேம்மா. ஏசி வேற ஓடுச்சு” என்று சமாளித்தார் டிரைவர்.

அம்மா இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவு சொன்னார். ஷெட்டுக்குள் சுவரை நோக்கிக் காரை ஓட்ட வேண்டும், சென்சார் சத்தத்தை மட்டும் கேட்டு நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் டிரைவர் வேலை டிரைவருக்கே. இல்லையென்றால் வேலையும் போகும், ஷெட்டுக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையும் போகும். அந்த அறையில்தான் டிரைவரின் மனைவி எட்டு மாதமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள்.

“கண்ணாடியை ஏத்திக்கோ. ஏசியும் ஓடட்டும், அன்னைக்கு மாதிரியே” என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கி, அம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

டிரைவர் காரை மெல்ல உருட்டினார். விளக்கும் இல்லை, காதும் இல்லை. ஆனால் மாப்பிள்ளைக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஷெட்டின் நடுவில் தண்ணீர் போகிற கால்வாய்க்கு மேலே ஒரு இரும்பு மூடி உண்டு. முன்சக்கரம் அதில் ஏறி இறங்கினால் சீட்டில் ஒரு குலுக்கல் தெரியும், அதற்கப்புறம் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் சுவர் வந்துவிடும். காரில் சென்சார் என்று ஒன்று வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர் இடுப்புக்குப் பழகிப்போன கணக்கு அது.

குலுக்கல் வந்தது. ஒரு மூச்சு இழுத்து விட்டார். பிரேக்கை மிதித்தார்.

அம்மா குனிந்து பார்த்தார். சுவருக்கும் காருக்கும் நடுவில் சரியாக ஒரு சாண் இருந்தது. அவர் முகம் மலர்ந்துபோனது.

டிரைவர் இறங்கி வந்து, வழக்கம்போல இரண்டு பேரின் வாயும் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றார்.

“உள்ளதைச் சொல்லுங்க டிரைவர்” என்றார் அம்மா. “சத்தம் கேட்டு நிறுத்தினீங்களா, இல்ல பழகின கையில நிறுத்தினீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. நான் பாத்துக்கறேன்.”

உண்மை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இவ்வளவு இதமாகக் கேட்கிறவரிடம் சொன்னால்தான் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அப்போது மேலே அறையின் ஜன்னல் கண்ணில் பட்டது. அவளை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

“கேட்டுத்தாம்மா நிறுத்தினேன்.”

“எப்படிக் கேட்டுச்சு? சொல்லேன் பாப்போம்” என்றார் மாப்பிள்ளை.

கார் வாங்கின புதிதில், காது இருந்த காலத்தில் கேட்ட சத்தம் டிரைவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. “முதல்ல விட்டு விட்டு ‘கீங்... கீங்’னுச்சு. கிட்டப் போகப் போக அவசர அவசரமா வந்துச்சு. கடைசில ‘கீ...’ன்னு ஒரே இழுப்பு. காதைப் பொத்திக்கலாம்போல ஆயிடுச்சும்மா.”

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். “கேட்டீங்களா மாப்பிள்ளை? இதுக்கு மேல என்ன வேணும்?”

டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேலே போய் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டார். “நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி எடுக்கணும்மா?” என்று கேட்டார்.

அம்மா பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளை குறுக்கே வந்தார். வந்தவர் டிரைவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். டிரைவர் சிரித்த முகமாகவே அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை சத்தமாகவே சொன்னார்:

“சென்சார் ஒயரைக் காலைலயே நான் புடுங்கிட்டேன் அத்தை.”