ஒன்பதாம் நம்பர் காட்டு வளையல்

சாக்கின் வாயை அவிழ்த்ததும் மறுபடியும் அதே சிவப்புக் கண்ணாடி. பச்சைக் கொழுந்தின் மேல் பொட்டு வைத்த மாதிரி, ஓர் அங்குல நீளத்துக்கு ஒரு வளையல் துண்டு. தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர் அம்புரோஸ் அதை எடுத்துத் தீப்பெட்டிக்குள் போட்டார். அதில் ஏற்கெனவே இரண்டு துண்டுகள் இருந்தன.

ஒரு துண்டு உருட்டு இயந்திரத்துக்குள் போனால் போதும், மாவாகிவிடும். பிறகு எந்தச் சல்லடையிலும் நிற்காது. அந்தத் தூள் குன்னூர் ஏலத்தில் யார் நாக்கிலாவது பட்டால், மஞ்சூருக்கு மேலே இப்படி ஒரு தோட்டம் இருப்பதை வியாபாரிகள் மறந்துவிடுவார்கள். அம்புரோஸின் வேலையும் அதோடு போகும்.

அதனால்தான் கண்ணாடிக்கு மட்டும் தனிச் சட்டம். மற்ற எந்தப் புகாரும் வேலை வாங்கும் மேஸ்திரி, ஆபீஸ் கணக்கு எழுதும் ரைட்டர், தோட்டத்தை நடத்தும் துரை என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு கையெழுத்து வேண்டும். கண்ணாடி கிடந்தால் மட்டும் டீமேக்கர் யாரையும் கேட்காமல் தலைமை ஆபீசுக்குத் தந்தி அடிக்கலாம். துரை கெஞ்சியதால்தான் அம்புரோஸ் இதுவரை அடிக்கவில்லை.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு சாக்கின் கழுத்திலும் ஒரு தகர வில்லை தொங்கும். தோட்டத்தின் எந்தக் காடு, எந்த நேரத்து நிறுவை என்று அது சொல்லிவிடும். மூன்று தடவையும் ஒன்பதாம் நம்பர் காடு, மத்தியான நிறுவை.

எப்படி விழுகிறது என்பதுதான் பிடிபடவில்லை. கைதவறி விழுவது கூடையின் அடியில் புதையும், சாக்கில் நசுங்கும். இதுவோ ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தது.

துரை ஐந்து நிமிஷத்தில் தீர்வு சொன்னார்.

"பொம்பளைங்க வளையல் போட்டுக்கிட்டுக் கொழுந்து எடுக்கிறாங்க, வேற என்ன? நாளையிலேர்ந்து காலைப் பெரட்டுல மேஸ்திரி ஒவ்வொரு கையா புடிச்சுப் பாத்து அனுப்பட்டும்."

மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிடும் நேரத்துக்கு அம்புரோஸும் போய் நின்றார். ஒன்பதாம் நம்பர் காட்டில் இருபத்திரண்டு பெண்கள். இலங்கைத் தோட்டங்களை விட்டு, மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு இந்த மலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆனவர்கள்.

மேஸ்திரி லிங்கசாமி கடமையில் கரைந்து போனார். ஒவ்வொரு மணிக்கட்டையும் பிடித்தார், திருப்பினார், முழங்கை தாண்டித் தடவிப் பார்த்தார். ஒரு கையிலும் வளையல் இல்லை.

"ஏனுங்க சார், நம்ம டூட்டியில கொறை சொல்ல முடியுமுங்களா?"

"போதும் மேஸ்திரி. வளையல் அவ்வளவு தூரம் ஏறாது."

வரிசைக் கடைசியில் சின்னம்மை என்ற இளம்பெண் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற தெய்வம்மா முன்னால் வந்து தன் கைகளை நீட்டினாள்.

"எங்கையப் பாருங்க மேஸ்திரி. அஞ்சு புள்ள வளத்த கை. நல்லாப் பாருங்க!"

"நீ போ, போ" என்று லிங்கசாமி அவளைத் தொடாமலே அனுப்பினார்.

அன்று மத்தியானம் ஒன்பதாம் நம்பர் சாக்கில் இரண்டு துண்டுகள். அம்புரோஸ் தந்தி அடித்தார்.

அதற்கப்புறம் எல்லாம் இயந்திர வேகம். ஜீப்பில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒன்பதாம் நம்பர் கொழுந்து மொத்தத்தையும் குழியில் கொட்டினார்கள், நான்கு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதினார்கள். ‘மேற்பார்வையில் கவனக்குறைவு’ என்று லிங்கசாமியைத் தொழிற்சாலை விறகுக் கிடங்குக்கு மாற்றினார்கள். பிடித்துப் பார்க்க அங்கே விறகு மட்டும்தான்.

கண்ணாடியும் அன்றோடு நின்றது. ஏன் நின்றது என்று தெரியாமல் அம்புரோஸுக்குச் சோறு இறங்கவில்லை. தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் நம்பர் காட்டுக்கு ஏறினார்.

"தெய்வம்மா, உங்க யார் கையிலயும் வளையல் இல்ல. பின்ன இது யாரோடது?"

"சின்னம்மையோட வளவிங்க ஐயா. அவளக் கடசி நெரையில தனியாப் போட்டு, மேஸ்திரி கையப் புடிச்சு இழுத்தான். அப்ப ஒடஞ்சது. தீவாளிக்கு முந்தி."

அம்புரோஸுக்குக் காது சுட்டது. "ஒரு மாசமாச்சே! ஆபீசுல சொல்றதுக்கென்ன?"

"சொன்னமே. இதே துண்டுகளத்தான் ரைட்டர் மேசையில வச்சோம். மேஸ்திரி கையெழுத்துப் போட்டாத்தான் புகார் வாங்குவேன்னாரு. தொரைகிட்டப் போனோம். ஒடஞ்ச வளவிக்கெல்லாம் ரிப்போட்டு எழுத முடியுமான்னு சிரிச்சாரு."

"அதுக்கு..." அம்புரோஸ் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தார்.

தெய்வம்மா கைநிறையக் கிள்ளிய கொழுந்தைத் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் போட்டாள்.

"சிலோன்லயும் கண்ணாடிக்கு இதே சட்டந்தாங்க ஐயா. அதான் கொழுந்துல போட்டோம்."