செடிக்குப் போட்ட ஏசி

“ஒரு செடிக்கு ஏசியா?”

டெய்லரம்மா தையல் மெஷினை அப்படியே நிறுத்திட்டா. ஊசி பாதி காலர்ல நின்னுச்சு.

“சும்மா செடி இல்லம்மா, ஆர்க்கிட். மேகம் வந்து உரசிட்டுப் போற மலைக்காட்டுல வளர்றது. வெக்கை பட்டா பொட்டுனு போயிடும்.” அவ வீட்டுக்காரர் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார்.

உள்ள ஒரு குட்டி ஃபேன், ஒரு மரப்பட்டை, கொஞ்சம் பாசி. அவ்வளவுதான்.

“செடி எங்க?”

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கிறவர். சட்டைப் பையில இருந்து லென்ஸை எடுத்து நீட்டினார். அப்பத்தான் தெரிஞ்சுது. பாசிக்கு நடுவுல, சுண்டுவிரல் நகத்துக்குள்ள அடங்குற மாதிரி நாலு இலை. அதுல கடுகை விடச் சின்னதா ஒரு பூ.

“இதுக்கு ஏசி. போன கோடையில எங்கப்பா வெக்கை தாங்காம மயங்கி விழுந்தாரே, அவருக்குப் போடலாம்னு சொன்னப்ப என்ன சொன்னீங்க? ‘மாமாவே வேணாங்கிறார், விடு’ன்னீங்க. இந்தச் செடி மட்டும் வாயத் தொறந்து கேட்டுச்சா?”

“பாப்பா, மாப்பிள்ளைய ஏன் வையற?” ஹால்ல இருந்து அப்பா. ரிட்டயர்டு பஸ் டிரைவர். “முப்பது வருஷம் இன்ஜின் பக்கத்துல உக்காந்து வெந்தவன் நான். எனக்கு எதுக்கு ஏசி? நான் என்ன பாலா, கெட்டுப் போறதுக்கு?”

சொல்லிக்கிட்டே துண்டால விசிறிக்கிட்டார். பனியன் தொப்பலா நனைஞ்சிருந்துச்சு.

ஏசியைச் சின்ன ரூம்ல மாட்டினாங்க. அதோட விட்டாரா? மறுநாளே மாமனார் முன்னாடி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னார்.

“மாமா, ஒரு உதவி. இதுக்கு மூணு வேளையும் புகை மாதிரி தண்ணி அடிக்கணும். ரூம் சூடாகாம ஒரு ஆள் பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும். நானோ கடைக்குப் போயிடறேன். நீங்க அங்கயே படுத்துக்கிட்டா...”

“அவ்வளவுதானே? டியூட்டின்னு சொல்லிட்டீங்கல்ல, விடுங்க.” தலகாணியைத் தூக்கிக்கிட்டு அப்பா கிளம்பிட்டார்.

டெய்லரம்மாவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எழுபது வயசு மனுஷனைச் செடிக்கு வாட்ச்மேன் ஆக்கிட்டாரே இந்த ஆளு. ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறவ, அன்னையில இருந்து புருஷன் சட்டையில அறுந்த பட்டனை மட்டும் தைக்கல. அவரும் ஊக்கு குத்திக்கிட்டே கடைக்குப் போனார்.

தினமும் காலையில லென்ஸோட குனிவார். “அடடா மாமா, இலை என்னமா பளபளக்குது.”

“எல்லாம் ரெகுலர் சர்வீஸ்தான் மாப்பிள்ளை,”ம்பார் அப்பா.

மத்தியானம் ஆச்சுன்னா அப்பாவோட குறட்டை மெஷின் சத்தத்தையே அமுக்கிடும். பாவம், டியூட்டி பாத்த அலுப்புன்னு இவ நினைச்சுக்குவா.

ரெண்டு மாசம் போச்சு. ஒருநாள் காலையில அப்பா சைகை காட்டிக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

“பாப்பா, மாப்பிள்ளை கிட்ட மூச்சு விடாத. செடி செத்துப் போச்சு.”

“எப்பப்பா?”

“வந்த ரெண்டாவது வாரமே. பெட்டிக்குள்ள ஒரு குட்டி ஃபேன் ஓடுச்சில்ல, பச்சப்புள்ளைக்குக் குளிருமேன்னு நிறுத்தித் தொலைச்சேன். காத்து இல்லாம அழுகிடுச்சு. இப்ப இருக்கிறது வெறும் பாசி. கிள்ளி, இலை மாதிரி நட்டு வெச்சிருக்கேன்.”

“அவர் தினம் லென்ஸ் வெச்சுப் பாக்கறாரே?”

“அதான் பாவமா இருக்கு. ஊருக்கே கண்ணாடி விக்கிறவருக்குக் கண்ணு தெரியல. ஆசையா வளக்கிறார், தெரிஞ்சா மனசு விட்டுப் போயிடும். நீ ஒண்ணும் உளறிடாத.”

சிரிப்பை அடக்கிக்கிட்டு சமையல்கட்டுக்கு வந்தா. வீட்டுக்காரர் ஊக்கு குத்தின சட்டையோட டிபன் பாக்ஸை மூடிக்கிட்டிருந்தார்.

“உங்க செடி எப்படி இருக்கு?” சும்மா சீண்டினா.

அவர் வாசப்படி வரைக்கும் எட்டிப் பார்த்துட்டுக் குரலை இறக்கினார். “அது செத்து ஆறு வாரமாச்சு.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“பாசிக்கும் இலைக்கும் வித்தியாசம் தெரியாமலா கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன்? நீ உளறிடாதம்மா. செடி இல்லன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் அடுத்த நிமிஷமே ஏசியை அணைச்சிட்டு, தலகாணியோட ஹாலுக்கு வந்துடுவார். அவரை உள்ள தள்ளத்தானே, தேடித் தேடி வெக்கை தாங்காத செடியா வாங்கினேன்.”



“சட்டையைக் கழட்டுங்க.”

“எதுக்கு?”

“பட்டன் இல்லாமயா கடைக்குப் போவீங்க?”

உள்ள இருந்து அப்பா குரல். “மாப்பிள்ளை, இன்னைக்கு செக்கிங் இல்லியா?”

டெய்லரம்மா லென்ஸைப் பிடுங்கிக்கிட்டு முதல் ஆளா ஓடினா. பெட்டி முன்னாடி குனிஞ்சா. பாசியை உத்து உத்துப் பார்த்தா.

“அப்பா, மொட்டு விட்டிருக்குப்பா.”

இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் பனியனோட வீட்டுக்காரர். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம ரெண்டு பேரும் அவளைப் பார்த்துக் கண்ணடிச்சாங்க.