கறுப்பு வெள்ளை ஒழுங்கை

"ஒரு முழு ஒழுங்கையையே கறுப்பு வெள்ளையாக்கினம் சேர். உலாவின கோழிக்கும் மாப் பூசினம்."

ஹிமாயா பொய் சொல்ல மாட்டாள். நடந்ததைப் பத்து மடங்காக்கிச் சொல்வாள், அவ்வளவுதான். அதனால்தான் நடுவர் அப்துல் கபூர் சேர் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

மாணவர் குறும்படப் போட்டி. முதலாவதாக வரும் படம் கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போகும். உயர்தர வகுப்பு ஹிமாயாவும் தோழிகளும் எடுத்தது பழைய பாணித் துப்பறியும் படம்: தொப்பி, மழைக்கோட்டு, நீண்ட நிழல், ஒரு கொலை. எல்லாம் கறுப்பு வெள்ளை.

"உன்ட மாமாட கலியாண வீடியோக் கெமராவில கலர்தான் வரும், புள்ள. கடையில குடுத்துக் கலரை எடுப்பிச்சிருக்கீங்க. கடைக்காரன்ட வேலைக்குப் பரிசில்ல."

ஹிமாயா விளக்கினாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு ஆம்பிளைகள் எல்லோரும் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அந்த நேரம்தான் மதில்களுக்கு நடுவே போகும் ஒழுங்கை பெண் பிள்ளைகளுக்குச் சொந்தம். மதிலுக்கு அரிசிமாக் கரைசல், செடி கொடிக்குக் கரி, துப்பறிபவள் முகத்துக்கு மா. உச்சி வெயிலில் நிழல் விழாததால் தென்னை உயரத்துக்கு நிழலையும் கரியாலேயே வரைந்தார்கள். தொழுதுவிட்டு ஆட்கள் திரும்புமுன் கிணற்றையே வற்றவைத்துக் கழுவியும் விட்டார்கள்.

"அது என்ட ஒழுங்கை. நானும் அதாலதான் ஜும்ஆவுக்குப் போறவன். எப்பவும் முதல் வரிசை. ஒரு பொட்டுக் கரி காணல்லியே. கண்ட ஆக்கள் ஆரும் இருக்கா?"

யாரும் இல்லை. கண்டிருந்தால் படம் எங்கே, பிள்ளைகளுக்கு அடிதான் விழுந்திருக்கும்.

"அப்ப ரீவியில கலரைக் கூட்டிப் பாருங்க சேர்."

சேர் குமிழைக் கடைசி வரை திருகிவிட்டுப் படத்தை ஓடவிட்டார். மதில் வெள்ளை, தொப்பி கறுப்பு, கோழி வெள்ளை. படத்துக்குள்ளே, தூரத்துப் பள்ளி ஒலிபெருக்கியில் குத்பா பிரசங்கம் கேட்டது.

"பாத்தியா, கலர் ஒரு துளியும் இல்ல. கடை வேலையேதான்."

ஹிமாயாவின் கண் கலங்கியது. பூச்சு அவ்வளவு திறமாக அமைந்துவிட்டது. அதுவே இப்போது கழுத்தைப் பிடித்தது.

"கடைசிச் சீனையும் பாருங்க சேர். ஆரோ ஒராள் குறுக்கால வந்து பழுதாக்கிட்டார். வெட்டி எறியக் கெமராவில வழியில்ல."

திரையில் கொலைகாரி கத்தியை ஓங்கினாள். ஒலிபெருக்கியில் குத்பா முடிந்து தொழுகை தொடங்கியது. அப்போதுதான் ஒரு வீட்டுப் படலை திறந்தது. தலையில் துவாயைப் போட்டு முகத்தை மறைத்த ஒரு மனிதர் அவசரமாக வெளியே வந்தார். இடுப்பில் கிளிப் பச்சைச் சாரன். வெள்ளைக் கோழியைக் கண்டு திகைத்து, மதிலில் வரைந்த கரி நிழலில் முட்டி, பள்ளிப் பக்கம் ஓடினார்.

"பச்சையைப் பாத்தீங்களா சேர்? கலரை ஆரும் எடுக்கல்ல. இந்த மனிசன் ஆரெண்டுதான் எங்களுக்கு இன்னும் தெரியா."

சேரின் கை குமிழுக்குப் பாய்ந்தது. பச்சை வெளிறிச் சாம்பலாகும் வரை திருகினார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கொழும்புக்கு உங்கட படம்தான் போகும். நடந்ததுதான், புள்ள" என்றார் மெல்ல. "நீங்க பூசின கரி இன்னும் என்ட சாரனை விட்டுப் போகல்ல."