பெண் பார்க்க வந்த கதிர்மானி

கொல்லையில் அணு உலை ஓடுகிற வீடு என்பதால் சொர்ணகலாவுக்கு நூற்றெட்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. அடுத்த மாப்பிள்ளையின் தாய் வேலம்மாள் ஜாதகத்துக்குப் பதில் கதிர்வீச்சை அளக்கும் கதிர்மானியோடு வந்து, அதைப் பெண்ணின் உச்சி முதல் பாதம்வரை ஓட்டினாள். அது டிக்டிக் என்றது.

“அணுகுண்டு விழுந்த ஊர்க் கதைய கேட்டு வளந்தவ நான். எந்திரில, இந்தச் சம்பந்தம் வேண்டாம்!” என்று மகனை இழுத்தாள்.

சொர்ணகலாவுக்கோ மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருந்தது. விடுவாளா? கதிர்மானியைப் பிடுங்கி, அவர்கள் கொண்டுவந்த தாம்பாளத்து வாழைப்பழச் சீப்பின்மேல் வைத்தாள். அது தெருவே கூடும்படி அலறியது.

“வாழப்பழத்துல காலங்காலமா இருக்க கதிருதான் அத்தை. இதக் குடுத்துத்தான உங்க மவனையும் வளத்திய?”

மாப்பிள்ளை ஒரு பழத்தை நிதானமாக உரித்து வாயில் போட்டுக்கொண்டு, பெண்ணின் அப்பாவைப் பார்த்தான்.

“தேதியக் குறிங்க மாமா.”