அவரவர் பொம்மை

"ஆளுக்கொரு பொம்ம புடிச்சி இங்க வெச்சிட்டு உள்ள போங்க. திரும்பி வர்றப்ப அவங்கவங்க பொம்மய அவங்கவங்கதான் எடுக்கணும்" என்றாள் கெங்கம்மாள்.

அரிகரனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பாகூருக்குத் தெற்கே இருந்த அந்த ஐயனார் காட்டுக்குள் நுழைய வேண்டுமானால் கெங்கம்மாளைத் தாண்டித்தான் போகவேண்டும். காட்டுக்குக் கதவு கிடையாது, அவள்தான் கதவு.

"எதுக்குக்கா பொம்ம?"

"பொம்ம இருந்தா ஆளு உள்ள இருக்குன்னு அர்த்தம். எடுத்தாச்சின்னா ஆளு வெளிய போயாச்சி. அதுக்கப்புறம் உள்ள இருந்து எது வந்து நின்னாலும் நான் வெளிய வுட மாட்டேன்."

சொல்லிவிட்டு, வாளியிலிருந்து களிமண்ணை எடுத்து அவன் கையிலும் அவன் தங்கை மஞ்சுளா கையிலும் உருட்டி வைத்தாள். எத்தனையோ பேருக்குச் சொல்லி அலுத்துப்போன குரல் அது.

அரிகரன் சென்னை வேலையை உதறிவிட்டு ஊர் திரும்பியவன். கூடாரம் போட்டு ஆட்களைத் தங்க வைக்கும் தொழில் ஆரம்பித்திருந்தான். முதல் கூட்டம் பெங்களூரிலிருந்து இந்தச் சனிக்கிழமை வருகிறது. பேசி வைத்திருந்த சவுக்குத் தோப்பையோ, உரிமையாளர் நல்ல விலை வந்ததென்று வெட்டிச் சாய்த்துவிட்டார். ஏரிக்கரையில் கொசு தூக்கிக்கொண்டு போகிறது. கடலூர் ரோட்டுப் பக்கம் லாரிச் சத்தம். இன்றைக்குள் இடம் அமையவில்லை என்றால் முதல் கூட்டமே கைநழுவிவிடும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று மஞ்சுளா அடிக்கடி கேலி செய்வாள். தொழிலில் அவளும் கூட்டு.

"எனக்கு இந்த எடமே வேணாண்ணா" என்றாள் அவள். "ஒரு குருவி சத்தம்கூட இல்ல, பாத்தியா?"

"நல்லதுதான். வர்றவங்க விடிஞ்சும் தூங்குவாங்க."

முணுமுணுத்துக்கொண்டாலும் மஞ்சுளா பொம்மையை அழகாகவே பிடித்தாள். தன் நெற்றிப் பொட்டை எடுத்து அதன் நெற்றியில் ஒட்டினாள். அரிகரன் பிடித்தது கொழுக்கட்டை மாதிரி இருந்தது. இரண்டையும் வேப்பமரத்தடியில் வைத்தார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே நாலு எட்டு வைத்ததுமே குளிர்ந்தது. கொடிகள் பின்னிக்கிடந்தன. கொஞ்ச தூரத்தில் ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"நீ அந்தப் பக்கம் மேடு இருக்கான்னு பாரு. நான் இந்தப் பக்கம் தண்ணி பாக்கறேன்" என்றான் அரிகரன்.

"தனியாவா?"

"புலியா புடிக்கப்போவுது? போடி."

அவன் போன பக்கம் ஒரு குட்டை இருந்தது. தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிந்து கிடந்தது. அதை ஒட்டி மேடான செம்மண் தரை. மழை பெய்தாலும் நீர் நிற்காது. மேலே முறிந்து விழுகிற மாதிரி காய்ந்த கிளை ஒன்றுகூட இல்லை. யாரோ பெருக்கி வைத்தது போலச் சருகு இல்லாமல் சுத்தமாக இருந்தது. அது ஏன் என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை.

"மஞ்சு, இங்க வா" என்று கூப்பிட்டான்.

கூப்பிட்ட வாய் மூடவில்லை, குட்டைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் வந்து நின்றாள்.

"அதுக்குள்ள சுத்திட்டு வந்துட்டியா? எப்படி எடம்?"

"நல்லா இருக்கு" என்றாள். "எல்லாரையும் இங்கயே கூட்டிட்டு வா."

இடம் அமைந்த சந்தோஷத்தைவிடத் தங்கை ஒத்துக்கொண்டதுதான் அவனுக்குப் பெரிய சந்தோஷம். தலைகால் புரியவில்லை. பெங்களூர்க்காரர்களுக்குப் படம் அனுப்ப வேண்டும், வாசலில் விளக்கு கட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தான். அவள் எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

வெளியே கெங்கம்மாளைக் காணவில்லை. தூரத்தில் அவள் ஆடு விரட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"பொம்மய எடுத்துக்கடி, கெளம்பலாம்."

அவள் வேப்பமரத்தடிக்கு வரவில்லை. நேராக வண்டிக்குப் போனாள். "அந்தச் சேத்தத் தொடவே ஒரு மாதிரி இருக்குண்ணா. என்னுதையும் நீயே எடுத்துக்க."

இதற்குப் போய் ஒரு சண்டையா என்று அவன் இரண்டு பொம்மைகளையும் எடுத்துப் பையில் போட்டான். தன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்து வண்டியைக் கிளப்பினான். அவள் பின்னால் ஏறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். களிமண் பட்ட கை இன்னும் காயவில்லை போலும், சட்டையைத் தாண்டிச் சில்லிட்டது.

கிருமாம்பாக்கம் வரும்போது செல்போன் அடித்தது. ஓரங்கட்டி எடுத்துப் பார்த்தான். திரையில் மஞ்சுளா பெயர். பின்னால் உட்கார்ந்துகொண்டே விளையாடுகிறாள் என்று நினைத்துக் காதில் வைத்தான்.

"என்னை வுட்டுட்டு எங்கண்ணா போன?" தங்கை தேம்பினாள். "கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்டையே போச்சி. என் செருப்பு வெச்ச எடத்துலயே கெடக்கு, பொம்மயத்தான் காணும். 'பொம்ம வெச்சவ அப்பவே வெளிய போயிட்டா, நீ யாரு'ன்னு கேட்டு அந்த அக்கா அருவாளோட நிக்கிறாங்க. திரும்ப உள்ளயே போன்னு வெரட்டறாங்கண்ணா. சீக்கிரம் வா."

அரிகரன் தோளில் இருந்த கை மெல்ல இறுகியது.

"யாருண்ணா போன்ல?" என்றாள் பின்னால் இருந்தவள்.