சுவிட்சின் இடம்

காரைநகரில் கேதீஸ்வரியின் பழைய வீட்டுக்குப் புதிதாக வயறிங் செய்ய வந்த நிலக்ஷனுக்கும் அவளுக்கும் அடுப்படியில்தான் வாக்குவாதம் மூண்டது.

“அக்கா, தண்ணிப் பைப்புக்கு மேல சுவிட்ச் இருக்கக்கூடாது. கதவுக்கு வெளியால மாத்தவேணும்.”

“எர்த் வயர் போடும் தம்பி, ட்ரிப் சுவிட்ச் போடும், எல்லாத்துக்கும் ஓம். அந்தச் சுவிட்சை மட்டும் அசைக்காதையும்.”

“ஈரக் கையோட தொட்டால் உயிருக்கே ஆபத்து. மின்சார சபையிலயிருந்து சோதிக்க வாறவையும் விடமாட்டினம்.”

“இவ்வளவு காலமும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே?”

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்கு இவ்வளவு பிடிவாதமா என்று நிலக்ஷனுக்குச் சினம் வந்தது. “அப்ப வேறை ஆளைப் பிடியுங்கோ” என்று சாமான்களைப் பையில் போட்டான்.

சத்தம் கேட்டு, முன்னறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய கணவர் பிரதாபன் எழுந்து வந்தார். சுவரைத் தடவிக்கொண்டே வந்த கை, பைப்புக்கு மேலே போய்ச் சுவிட்சில் நின்றது. அவருடைய பார்வை நிலக்ஷன் நின்ற பக்கம் திரும்பவேயில்லை.

“அண்ணை, உங்களுக்குக் கண்…”

“தெரியாது தம்பி. வெளிச்சம் எனக்கில்லை, இவவுக்கு. வேலையால வரேக்க பொழுதுபட்டிடும். இருட்டுக்குள்ள வந்து படி ஏறக்கூடாதெண்டு, கோயில் மணி கேட்டவுடனை நான் இந்த லைற்றைப் போட்டுவிடுவன்.”

கேதீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். “இடத்தை மாத்தினால் தடுமாறிப்போவார். அதுதான்…”

நிலக்ஷன் பையைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தான்.

“அண்ணை, கதவடிக்கு வாங்கோ. உங்கட கை எங்கை சுகமா எட்டுதெண்டு காட்டுங்கோ. அந்த இடத்திலைதான் சுவிட்ச்.”