தாழ்ப்பாள் இருந்த பக்கம்

அமெரிக்க ஏரிக்கரை ஊரான டுலூத்தின் துறைமுகத்தில், தூக்குப் பாலத்துக்கு அடியில், புது வெண்கலப் பலகைமேல் போர்த்திய துணி ஏரிக்காற்றில் படபடக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன் புயலில் மூழ்கிய இரும்புத்தாதுக் கப்பலிலிருந்து பதினோரு பேரைக் கரைசேர்த்த கேப்டன் தோர்வால்டுக்கு ஊர் செய்யும் மரியாதை அது. பன்னிரண்டாவது ஆளான ஏய்னோ கப்பலோடு மூழ்கிப்போனான். அவனுடைய அக்கா ஹில்மா ஆறிப்போன காப்பியைப் பிடித்தபடி முன்வரிசையில் நிற்கிறாள். கேப்டன் தொப்பியைக் கழற்றிக் குரலைத் தாழ்த்துகிறார். "ஏய்னோவையும் கூப்பிட்டேன். பயந்துபோய் கயிறு வைக்கிற அறைக்குள்ள ஓடி, உள்ளே தாழ் போட்டுக்கிட்டான். கதவை உடைக்க நேரமில்ல." பெண்கள் கைக்குட்டையை எடுக்கிறார்கள். ஹில்மாவின் நெற்றி சுருங்குகிறது. அவர் கேப்டனாக வருவதற்கு முன் அதே கப்பலில் இரண்டு வருஷம் சமைத்தவள் அவள். குடித்துக் கலாட்டா செய்கிறவர்களை அந்த அறையில்தான் தள்ளி அடைப்பார்கள்.

"கேப்டன், அந்தக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாளே கிடையாதே? வெளியிலதானே இருந்துச்சு?"

பாலம் மணியடித்து மேலே எழும்புகிறது. கால்வாய்க்குள் நுழையும் கப்பல் நீளமாக ஊதுகிறது. கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பிக் கையசைக்கிறது. கேப்டன் மட்டும் திரும்பவில்லை.

"நீ எப்பம்மா அந்தக் கப்பல்ல இருந்தே?" என்கிறார், சத்தம் ஓய்ந்ததும்.

ஹில்மா அவருக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்க்கிறாள். பதினோரு பேரும் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.